வெட்டியவர் ஒருவர், ஆயுள் தண்டனை ஆறு பேருக்கு: ஏன்?

கொலை வழக்கில் தீர்ப்பு வந்தால் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "வெட்டினது ஒருத்தன். மத்தவங்க சும்மா கூட நின்னாங்க. அவங்களுக்கு எதுக்கு ஆயுள்?" என்பது ஒன்று. சில வருடம் கழித்து அதே வழக்கில் உயர் நீதிமன்றம் இரண்டு பேரை விடுவித்துவிட்டால், "கூட்டமாப் போய்க் கொன்னாங்க, இப்ப பாதிப் பேர் வெளியே. எங்கேயோ பணம் விளையாடியிருக்கு" என்பது இன்னொன்று.

பணம் விளையாடாத வழக்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். கூட இருப்பது வேறு, சேர்ந்து செய்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டம் ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது, மேல்முறையீட்டில் அது ஏன் சிலருக்கு இடம் மாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

வடம் பிடித்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும்

தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் வடத்தைத் தொடுவதே இல்லை, ஆனால் அவர் இல்லாமல் தேர் மூலை திரும்பாது. முன்னால் நின்று துணியை ஆட்டி 'இழு', 'நிறுத்து' என்று சைகை காட்டுபவரும் எதையும் இழுப்பதில்லை. தேரை ஓட்டியது யார் என்று கேட்டால் இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்வோம். அதே தெருவில், மொட்டை மாடியில் நின்று கும்பிட்டவர்களும் உண்டு. தேர் வந்தபோது அவர்களும் அங்கேதான் இருந்தார்கள், ஆனால் தேரை அவர்கள் ஓட்டவில்லை. கோயில் காரியத்தைக் கொலையோடு ஒப்பிடுவது கொஞ்சம் நெருடலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சட்டம் கேட்கும் கேள்வியை இதைவிடச் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வி இதுதான்: இவர் அந்தக் காரியத்துக்குள் இருந்தாரா, அந்தக் காரியம் நடந்த இடத்தில் இருந்தாரா?

உள்ளே இருந்தார் என்று நிரூபணமானால் கொலையின் முழுப் பொறுப்பும் அவர்மேல் வரும். ஆறு பேர் சேர்ந்து செய்ததால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு என்று சட்டம் பிரித்துக் கொடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தனியாகவே அந்தக் கொலையைச் செய்தது போலப் பொறுப்பேற்க வேண்டும். இதைத்தான் கூட்டுப் பொறுப்பு என்கிறார்கள். வெட்டாதவருக்கும் ஆயுள் தண்டனை வருவது இந்த வழியில்தான்.

பிரிவு 34: மனம் ஒன்றுபட்டதா?

கூட்டுப் பொறுப்புக்குச் சட்டத்தில் இரண்டு பெரிய வாசல்கள் உண்டு. முதலாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 34. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 3(5). எண் மாறியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். அதனால் 34, 149, 302 என்ற பழைய எண்களை இன்னும் பல வருடம் கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.

பலர் சேர்ந்து, எல்லோருக்கும் பொதுவான உட்கருத்தை நிறைவேற்றுவதற்காக ஒரு குற்றச் செயலைச் செய்தால், அதைத் தான் ஒருவரே செய்தது போல ஒவ்வொருவரும் பொறுப்பாவார். பிரிவு 34 சொல்வது இவ்வளவுதான். பொது உட்கருத்து என்பது பலர் முன்கூட்டியே மனம் ஒத்து எடுத்த ஒரே முடிவு. எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கணக்கு இதில் கிடையாது, இரண்டு பேரே போதும். இந்தப் பிரிவு தனிக் குற்றமும் அல்ல, இதற்கென்று தனித் தண்டனையும் கிடையாது. கொலைக்கான பிரிவு 302-உடன் சேர்த்துத்தான் இது வரும்.

மனம் ஒத்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மனதைத் திறந்து பார்க்க முடியாது, நடந்ததை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும். இதற்குப் பிரிட்டிஷ் காலத்து வழக்குகள் இரண்டைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். ஒன்று ஒரு பக்கம் இழுக்கிறது, மற்றது எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

முதலாவது, பரேந்திர குமார் கோஷ் வழக்கு. 1923 ஆகஸ்ட் 3, கல்கத்தாவின் சங்கரிதோலா அஞ்சலகம். போஸ்ட்மாஸ்டர் பின்னறையில் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். சிலர் கதவருகே வந்து பணத்தைக் கேட்டார்கள், கேட்ட கையோடு சுட்டார்கள். அவர் இறந்துபோனார். தப்பி ஓடியவர்களில் கோஷ் மட்டும் கையில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். தான் வெளியே முற்றத்தில் நின்றதாகவும், பயந்துபோயிருந்ததாகவும், சுடவே இல்லை என்றும் அவர் சொன்னார். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி நீதிமன்றம் அதுதான். அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், வெளியே காத்து நின்றதும் அந்தக் காரியத்துக்கு ஆற்றிய பணிதான் என்று அங்கே நீதிபதியாக இருந்த லார்ட் சம்னர் எழுதினார். தண்டனை உறுதியானது.

இரண்டாவது, மஹ்பூப் ஷா வழக்கு. 1943-ல் சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டியதைப் பற்றி எழுந்த சில்லறைச் சண்டை அது. நாணலைத் திருப்பிக் கேட்டவருக்கு அடி விழ, அவர் உதவிக்குக் கத்தினார். துப்பாக்கியோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் சுட்டதில் ஒரு ஆள் இறந்தார், மஹ்பூப் ஷா சுட்டதில் இன்னொருவருக்குக் காயம் பட்டது. கொன்றவர் தலைமறைவாகிவிட்டார். காயப்படுத்திய மஹ்பூப் ஷாவுக்குப் பிரிவு 34-ஐச் சேர்த்துத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 1945-ல் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. இருவருக்கும் பொதுவாக ஏதாவது இருந்திருந்தால் அது உறவுக்காரரைக் காப்பாற்றும் எண்ணமே தவிர, கொல்லும் திட்டம் இல்லை என்றது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி எண்ணம் இருப்பது வேறு, இருவரும் மனம் ஒத்து ஒரே முடிவில் இருப்பது வேறு.

இந்த வேறுபாட்டில்தான் பாதி வழக்குகள் நிற்கின்றன, பாதி விழுகின்றன. 1954-ல் பாண்டுரங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி விவியன் போஸ் இதையே இன்னும் தெளிவாக்கினார். ஒரே மாதிரி எண்ணத்துக்கும் பொது உட்கருத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் பல நேரம் மெல்லியது, ஆனாலும் அது உண்மையான சுவர், அதைக் கவனிக்காமல் விட்டால் அநீதி நடக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

திட்டம் என்றதும் பல நாள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கத் தேவையில்லை. சம்பவ இடத்திலேயே, சில நொடிகளில் மனம் ஒத்துப்போகலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால் அடிக்கு முன்னால் அது உருவாகியிருக்க வேண்டும், அதற்குச் சாட்சியம் காட்ட வேண்டும். ஒன்றாக வந்தார்களா, என்ன ஆயுதம் கொண்டுவந்தார்கள், உடம்பில் எங்கே அடித்தார்கள், ஒன்றாகக் கிளம்பினார்களா என்பதெல்லாம் இதற்காகத்தான் பார்க்கப்படுகிறது.

பிரிவு 149: ஐந்து பேர் சேர்ந்துவிட்டால்

இரண்டாவது வாசல் பிரிவு 149, புதிய சட்டத்தில் பிரிவு 190. இதற்கு அடித்தளம் சட்டவிரோதக் கூட்டம் என்ற கருத்து. சட்டம் பட்டியலிட்டிருக்கும் தவறான நோக்கங்களில் ஒன்றைப் பொதுவாகக் கொண்டு ஐந்தோ அதற்கு மேலோ பேர் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஒரு குற்றத்தைச் செய்வது, பலத்தைக் காட்டி நிலத்தைப் பிடுங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கூட்டத்தின் அந்தக் குறிக்கோளுக்குப் பொது நோக்கம் என்று பெயர்.

அந்த நோக்கத்தை நிறைவேற்றப்போய் கூட்டத்தில் ஒருவர் குற்றம் செய்தால், அந்த நேரத்தில் கூட்டத்தில் உறுப்பினராக இருந்த ஒவ்வொருவரும் அந்தக் குற்றத்தைச் செய்தவரே. இதோடு நிற்கவில்லை. நோக்கம் கொலையாகவே இல்லாவிட்டாலும், அந்த நோக்கத்தைத் துரத்தும்போது கொலை நடக்க வாய்ப்பிருக்கிறது என்று தெரிந்தே உடன் இருந்தாலும் போதும். 1950-களின் கடைசியில் வந்த மிஸாஜி வழக்கில் ஐந்து பேர் ஒரு நிலத்தைப் பலவந்தமாகப் பிடிக்கப் போனார்கள். அவர்களிடம் ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ஈட்டி, தடிகள். எதிர்ப்பு வந்தது, ஒருவர் சுட்டார், ஒருவர் செத்தார். இப்படித் தயாராகப் போனவர்களுக்கு உயிர் போகலாம் என்பது தெரிந்தே இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்து பேரையும் பொறுப்பாக்கியது.

34-க்கும் 149-க்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பேசும். புதிதாகப் படிப்பவருக்கு ஒன்று போதும். 34-ல் மனம் ஒத்த முடிவும், காரியத்தில் ஏதோ ஒரு பங்கும் வேண்டும். 149-ல் ஐந்து பேர் என்ற எண்ணிக்கையும், கூட்டத்தின் நோக்கத்தை அறிந்து அதில் உறுப்பினராக இருந்ததும் போதும், தனியாக ஓர் அடி அடித்திருக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்புக்கு 149 சௌகரியமானது. அதே காரணத்துக்காக அப்பாவிகளுக்கு ஆபத்தானதும் அதுதான்.

ஊர்ப்பகை வழக்குகளில் இந்த ஆபத்து அதிகம். உண்மையில் வந்தவர்கள் நான்கைந்து பேராக இருப்பார்கள், புகாரில் எதிர்த்தரப்புக் குடும்பமே வரிசையாக நிற்கும். அண்ணன், தம்பி, வெளியூரில் வேலை பார்க்கும் மைத்துனர் வரை பெயர் வந்துவிடும். 1964-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மஸால்ட்டி வழக்கு இப்படி ஒரு பெரிய கோஷ்டி மோதல். ஒவ்வொருவரும் தனித்தனியே என்ன செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதோடு கூட்டம் பெரிதாக இருக்கும்போது ஒரே ஒரு சாட்சியை மட்டும் நம்பாமல், பல சாட்சிகள் ஒன்றுபோல ஒருவரைக் காட்டுகிறார்களா என்று பார்ப்பது நல்லது என்றும் சொன்னது. அந்த வழக்கில் குறைந்தது நான்கு சாட்சிகளாவது சொல்லியிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வைத்த அளவுகோலை அது தள்ளிவிடவில்லை.

இதுவரை வந்ததைத் திரட்டினால்: 34 மனம் ஒத்ததைக் கேட்கிறது, 149 கூட்டத்தில் உறுப்பினராக இருந்ததைக் கேட்கிறது. வெறுமனே அங்கே நின்றவரை இரண்டுமே தொடாது.

சதி பற்றி ஒரு வார்த்தை

குற்றச் சதி என்ற 120பி (புதிய சட்டத்தில் 61) மேற்சொன்ன இரண்டோடும் அடிக்கடி குழப்பப்படுகிறது. குற்றம் செய்ய இருவரோ அதற்கு மேலோ பேர் ஒப்புக்கொள்வதே சதி. ஒப்பந்தம்தான் குற்றம். ஆகவே சம்பவ இடத்துக்கே வராதவரும், ஆயிரம் மைல் தள்ளி இருந்தவரும் இதில் மாட்டலாம். கூலிப்படை வழக்குகளில் பணம் கொடுத்தவர் மாட்டுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஒரு வழக்கைக் கையில் எடுப்போம்

கற்பனையாக ஒரு வழக்கை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். வரப்புத் தகராறு. மாலை ஏழு மணிக்கு ஒருவர் தெருவில் வெட்டிக் கொல்லப்படுகிறார். அரசுத் தரப்பு ஆறு பேர்மேல் குற்றம் சாட்டுகிறது. தமிழக நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள், வக்கீல்கள் ஏ1, ஏ2 என்பார்கள்.

ஏ1 அரிவாளால் கழுத்தில் வெட்டினார். ஏ2 இன்னொரு அரிவாளால் தோளில் வெட்டினார். ஏ3 இறந்தவரின் இரண்டு கைகளையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஏ4 கம்பால் முழங்காலுக்குக் கீழே ஓர் அடி அடித்தார். ஏ5 தெருமுனையில் நின்று யாரும் கிட்டே வராமல் மிரட்டினார். ஏ6 "விடாதீங்கடா" என்று கத்தினார். செஷன்ஸ் நீதிமன்றம் ஆறு பேருக்கும் 302-ஐ 149-உடன் சேர்த்து ஆயுள் தண்டனை விதித்துவிட்டது.

முதல் நாள் எஃப்.ஐ.ஆரில் ஏ1 முதல் ஏ4 வரை விவரமாக இருக்கிறது. ஏ5 பெயரே இல்லை. ஒரே ஒரு சாட்சி, நீதிமன்றக் கூண்டில் ஏறிய பிறகுதான் முதல்முறையாக அவரைப் பற்றிச் சொல்கிறார். ஏ6-இன் வீடு சம்பவ இடத்துக்கு எதிர்வீடு. அவர் கத்தியதாக ஒருவர் சொல்கிறார், பக்கத்திலேயே இருந்த இன்னொரு சாட்சி அதைச் சொல்லவில்லை. இந்த விவரங்களை மனதில் வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போவோம்.

மேல்முறையீடு என்றால் மறுவிசாரணை இல்லை

செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் அவகாசம் உண்டு. தூக்குத் தண்டனை என்றால் அவகாசம் 30 நாள். யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கை நிறைவேற்ற முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ இப்படிப்பட்ட கொலை மேல்முறையீட்டை இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள்.

பொதுவாக அங்கே சாட்சிகள் மறுபடி கூண்டேற மாட்டார்கள். கீழே பதிவான சாட்சியம், எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, கைப்பற்றல் மகஜர் (போலீஸ் எடுத்த பொருள்களின் பதிவு) எல்லாம் காகிதக் கட்டாக வரும். ஆனால் முதல் மேல்முறையீட்டில் நீதிபதிகள் அந்தக் கட்டு முழுவதையும் புதிதாக எடைபோட வேண்டும். கீழ் நீதிமன்றம் நம்பிவிட்டது, ஆகவே நாங்களும் நம்புகிறோம் என்று விட முடியாது. உச்ச நீதிமன்றத்தில் நிலைமை வேறு. அரசமைப்புச் சட்டப் பிரிவு 136-இன் கீழ் சிறப்பு அனுமதி வாங்கித்தான் பெரும்பாலும் உள்ளே போக முடியும், அங்கே பெரிய தவறு எதுவும் தெரியாவிட்டால் சாட்சியத்தை மறுபடி அலச மாட்டார்கள்.

எடைபோடும்போது நீதிபதிகள் பார்ப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். தெருவிளக்கு எரிந்ததா? எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது? சாட்சி சொல்லும் வெட்டுக்கு உடம்பில் காயம் இருக்கிறதா? சாட்சிக்கே காயம் பட்டிருந்தால் அவர் அங்கே இருந்தார் என்பதில் சந்தேகம் குறையும், அவர் சொல்லுக்கு எடை கூடும். இறந்தவரின் உறவினர் என்பதாலேயே ஒரு சாட்சியைத் தள்ளிவிட மாட்டார்கள், கொஞ்சம் கவனமாகப் படிப்பார்கள்.

பொதுமக்கள் தடுமாறுவது இன்னொரு இடத்தில். ஒரு சாட்சி ஒரு விஷயத்தில் மிகைப்படுத்தியிருந்தால் அவர் சொன்ன மற்ற எல்லாமும் பொய் என்று கொள்ளும் விதி இந்தியாவில் இல்லை. ஏ1-ஐப் பற்றி அவர் சொன்னதை நம்பலாம், ஏ5-ஐப் பற்றிச் சொன்னதைத் தள்ளலாம். ஒரே சாட்சியை வைத்து ஒருவருக்கு ஆயுள், இன்னொருவருக்கு விடுதலை என்பது முரண்பாடாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்பதன் விளைவுதான் அது.

நம் வழக்கில் யாருக்கு என்ன ஆகும்?

ஏ5 முதலில் கழன்றுவிடுவார். நாளடைவில் முளைத்த பெயர், ஒரே சாட்சி. சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுப்பார்கள். அவர் குற்றமற்றவர் என்று யாரும் சான்றிதழ் கொடுத்ததாக இதற்கு அர்த்தமில்லை. சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புடையது, அதை அவர்கள் செய்யவில்லை என்பதுதான் அர்த்தம்.

ஏ6-உம் விடுதலையாக வாய்ப்பு அதிகம். எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வாசலுக்கு வருவது இயல்பு. கத்தினார், தூண்டினார் என்ற குற்றச்சாட்டைச் சேர்ப்பது மிகச் சுலபம் என்பதால் நீதிமன்றங்கள் அதை எளிதில் நம்புவதில்லை. 2001-ல் சுரேஷ் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில், ஒரு குடும்பத்தையே கொன்ற இருவரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அவர்களில் ஒருவரின் மனைவி தெருவில் நின்றார் என்பதற்காக 34-ஐ அவர்மேல் சுமத்த மறுத்தது. வீடு பக்கத்தில்தான் இருந்தது, சத்தம் கேட்டு வெளியே வந்திருக்கலாம் என்றது. எல்லோரும் நேரடியாக வெட்டியிருக்க வேண்டாம், ஆனால் குற்றத்தின் ஏதோ ஒரு பகுதியில் பங்கு இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் நிலை.

இங்கேதான் வழக்கு திரும்புகிறது. ஆறில் இரண்டு போனால் மீதி நான்கு. நான்கு பேர் சட்டவிரோதக் கூட்டம் ஆக முடியாது. குற்றச்சாட்டில் இந்த ஆறு பேர்தான் வந்தார்கள் என்று திட்டவட்டமாகச் சொல்லியிருந்தால், 149 முழுவதுமே சரிந்துவிடும். பெயர் தெரியாத வேறு சிலரும் கூட இருந்தார்கள் என்று குற்றச்சாட்டும் சாட்சியமும் சொன்னால் மட்டுமே அந்தப் பிரிவு தப்பிக்கும். 1960-களின் தொடக்கத்தில் மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. அங்கே ஐந்தில் இருவர் விடுதலையானதும் 149 நிற்கவில்லை. ஆனால் சாட்சியத்தில் பொது உட்கருத்து தெரிந்ததால் மற்றவர்களின் தண்டனையை 34-இன் கீழ் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டில் 34 என்ற எண் இல்லாமல் போனாலும், எதிரிக்குத் தன்னைக் காத்துக்கொள்வதில் பாதகம் எதுவும் வராத வரை இப்படி மாற்றலாம்.

சரி, இப்போது மீதி நான்கு பேரை 34-இன் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஏ1 வெட்டியவர், அவருக்கு 302 நேரடியாகவே பொருந்தும். ஏ2-இன் வெட்டால் உயிர் போகவில்லைதான், ஆனால் இருவரும் அரிவாளோடு ஒன்றாக வந்து ஒரே நேரத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏ3-இன் கையில் ஆயுதமே இல்லை. ஆனாலும் அரிவாள் ஓங்கியதைப் பார்த்த பிறகும் கையை விடாமல் பிடித்திருந்தார் என்றால், கழுத்தை அந்த வெட்டுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஏ2, ஏ3 இருவருக்கும் 302-உடன் 34 நிற்கும். அரிவாள் வெளியே வருவதற்கு முன்பே பிடித்தார், வந்ததும் விட்டுவிட்டு விலகினார் என்று சாட்சியம் சொன்னால் ஏ3-இன் கதை அடியோடு மாறும்.

ஏ4-தான் சிக்கல். 149 இருந்தவரை அவர் கூட்டத்தில் ஒருவர், அது போதுமானதாக இருந்தது. இப்போது அவர் தலையிலோ மார்பிலோ அடிக்கவில்லை, காலில் ஒரே ஓர் அடி அடித்தார் என்பது முக்கியமாகிவிடும். அவர் அடிக்கும் எண்ணத்தோடு வந்தாரா, கொல்லும் முடிவில் உடன்பட்டாரா? அரிவாள்களைப் பார்த்துக்கொண்டேதானே கூட வந்தார் என்று ஒரு நீதிபதி கேட்கலாம். அந்த ஓரடியில் கொலை எண்ணம் தெரியவில்லை என்று இன்னொருவர் சொல்லலாம். பின்னது ஏற்கப்பட்டால் அவர் செய்த காயத்துக்கு மட்டும் தண்டனை, அதாவது சில வருடம். சட்டம் தெளிவாக இருந்தும் முடிவு நீதிபதியைப் பொறுத்து மாறக்கூடிய இடம் இது. இதை மூடிமறைப்பதில் அர்த்தமில்லை.

ஆக, ஏ5-உம் ஏ6-உம் விடுதலையானதால்தான் ஏ4-இன் ஆயுள் தண்டனை குறைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று பேர் 'தப்பியது' மட்டுமே தெரியும்.

எண்ணிக்கை சார்ந்த இன்னொரு விசித்திரமும் உண்டு. கிருஷ்ண கோவிந்த் பாட்டீல் வழக்கில் பெயர் குறிப்பிட்ட நான்கு பேர்மேல் 34-உடன் கொலைக் குற்றச்சாட்டு இருந்தது. உயர் நீதிமன்றம் மூவரை விடுதலை செய்துவிட்டு, நான்காமவரை மட்டும் 34-ஐ வைத்தே தண்டித்தது. அவர் யாரோடு மனம் ஒத்தார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதால் உச்ச நீதிமன்றம் 1963-ல் அதை ரத்து செய்தது.

நமக்குத் தெரிந்த இரண்டு தீர்ப்புகள்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அந்த எண்ணிக்கை ஏழாகச் சுருங்கியது: நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பில் இருப்பது, வீடு பிடித்துக் கொடுப்பது, கொலைக்குப் பிறகு ஒளித்து வைப்பது எல்லாம் வேறு குற்றங்களாக இருக்கலாம். ஆனால் கொலைக்கு ஒப்புக்கொண்டார் என்று காட்டாமல் ஒருவரைக் கொலைச் சதிக்குள் கொண்டுவர முடியாது என்பதே அங்கே அடிப்படையாக இருந்தது.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022-ல் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து, ஐந்து பேரை விடுவித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது, இருவருக்கு ஐந்து ஆண்டாகக் குறைத்தது, ஐந்து பேரின் விடுதலையையும் மாற்றவில்லை. ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, மூன்று விதமான முடிவு. ஆள்வாரியாக எடைபோட்டால் இப்படித்தான் வரும்.

விடுதலையை எதிர்த்தும், மேல்முறையீடு செய்யாதவருக்கும்

விடுதலையை எதிர்த்து அரசும், பாதிக்கப்பட்ட குடும்பமும் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அங்கே மலை கொஞ்சம் செங்குத்து. குற்றமற்றவர் என்ற அனுமானம் விடுதலைத் தீர்ப்பால் இன்னும் வலுப்பெறுகிறது என்றும், சாட்சியத்தை இரண்டு விதமாகவும் நியாயமாகப் பார்க்க முடிந்தால் விடுதலையில் கைவைக்கக் கூடாது என்றும் 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொல்லியிருக்கிறது.

சிலருக்கு மேல்முறையீடு செய்யப் பணமோ ஆளோ இருக்காது. இலவசச் சட்ட உதவி உரிமையாகவே இருக்கிறது, சிறையிலிருந்தே மனு அனுப்பலாம் என்றாலும் எல்லோரும் அதைச் செய்வதில்லை. ஒருவருடைய மேல்முறையீட்டில் கிடைத்த பலன், அதே சாட்சியத்தில் அதே நிலையில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்யாமல் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. அதற்குப் பின்னால் ஹர்பன்ஸ் சிங் வழக்கு போன்ற அனுபவங்கள் இருக்கின்றன. நான்கு பேரைக் கொன்றதற்காக மூன்று பேருக்கு ஒரே மாதிரி தூக்குத் தண்டனை கிடைத்தது. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவரின் மனு 1976-ல் தள்ளுபடியானது. இன்னொருவரின் தண்டனை 1977-ல் ஆயுளாகக் குறைந்தது. மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978-ல் தள்ளுபடியானது. 1981 அக்டோபர் 6-ஆம் தேதி முதலாமவரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் தூக்கிலேற வேண்டியிருந்த ஹர்பன்ஸ் சிங், இரண்டாமவருக்குக் குறைந்ததைக் காட்டி மனுப் போட்டதால் பிழைத்தார். அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி உச்ச நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அதோடு, யாரையும் தூக்கிலிடுவதற்கு முன் அதே வழக்கில் உடன் தண்டிக்கப்பட்ட யாருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளரே நேரில் விசாரித்து, குறைந்திருந்தால் மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த 1982 தீர்ப்பு உத்தரவிட்டது.